ஒன்பது நாள் கையில் இருந்த சாவி

பூட்டுக்காரரின் பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. வெளியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நகரத்தின் கிழக்குப் பக்கத்து அடுக்குமாடிகளில் இருபத்திரண்டு வருடமாக அவர் பெயர் 'சாவி'. "சாவியக் கூப்பிடு" என்றால் யாரோ ஒருவர் தன் வீட்டுக்கு வெளியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். குப்பை போட வந்த நேரத்தில் காற்றுக்குக் கதவு அறைந்து செருப்பில்லாமல் நிற்பவர்கள், உள்ளே அடுப்பில் பால் பொங்க வெளியே வயிறு எரிய நிற்பவர்கள். அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே திறந்துவிடுவார். பாதி வேலை விரலில், மீதி வேலை நாக்கில் என்பது அவர் கட்சி.

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் கூப்பிடுவார்கள். கதவு பல நாளாகத் திறக்கவில்லை, போனை எடுக்கவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருப்பார், அல்லது காது மந்தமான பெரியவர் ஒருவர் தூக்கம் கலைந்து "யாருய்யா நீங்கல்லாம்?" என்று எழுந்து வருவார். சில சமயம் அப்படி இருக்காது. அந்தச் சில சமயங்களுக்காகவே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பூட்டு விட்டதும் கதவைத் தள்ளாமல் இரண்டடி பின்னால் வந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். திறப்பது தன் வேலை, பார்ப்பது அவர்கள் வேலை.

நீச்சல் டீச்சரின் கதவில் அந்த வழக்கம் உதவவில்லை.

டீச்சர் ஏழாவது மாடியில் தனியாக இருந்தவர். ஐம்பதைத் தொட்ட வயது. பொது நீச்சல் குளத்தில் அந்தப் பகுதிப் பிள்ளைகளில் பாதிப் பேரை மிதக்க வைத்தவர். சாவியின் மகளும் அதில் ஒருத்தி. பூட்டு இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு காலையில் கூப்பிட்டிருந்தார். போனபோது வீடு துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. குளத்தங்கரையில் எப்போதும் கடுகடுவென்று இருக்கும் முகம் அன்று தெளிந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். தண்ணீருக்குள் கண்ணைத் திறக்க ஒரு மாதம் அடம்பிடித்த பிள்ளை என்று ஞாபகமாகச் சொன்னார்.

புதுப் பூட்டோடு மூன்று சாவி வந்தது. டீச்சர் இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அடுத்தவர் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வது தொழிலுக்கு ஆகாது, தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள் என்று அவர் மறுத்தார்.

"தெரிஞ்சவங்கன்னு யாரு இருக்கா? நீங்கதான் தெரிஞ்சவரு," என்றார் டீச்சர். "தேவைப்பட்டா எப்படியும் உங்களைத்தானே கூப்பிடுவாங்க."

கூப்பிடுவாங்க என்றால் யார், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தொலைத்துவிட்டுக் கூப்பிட்டால் கூலி வேண்டாம், இந்த மாதிரி ஒரு டீ போதும் என்று ஜோக்கடித்துவிட்டு, சாவியை வேனில் இருந்த கருவிப் பெட்டியில் போட்டார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தது.

ஒன்பதாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவின் முன் மண்டியிட்ட பிறகுதான், இந்தக் கதவின் சாவி தன்னிடமே இருக்கிறது என்று கை சொன்னது. பெட்டியின் அடியில் துழாவினார். கம்பி வேண்டியிருக்கவில்லை, எண்ணெய் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விநாடி வேலை. அன்று பின்னால் நகர மறந்துபோனார்.

என்ன பார்த்தார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம். டீச்சர் உயிரோடு இல்லை.

ஸ்டேஷனில் விவரம் எழுதிக் கொடுக்கும்போது, 'சாவி எப்படி உங்களிடம் வந்தது' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பெண் இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தவில்லை. கேட்டுக் கேட்டு அவரே எழுதிக்கொண்டார். கிளம்பும்போது ஒரு சின்ன அட்டையை நீட்டினார். மனம் உடைந்தவர்கள் எந்த நேரமும் பேசலாம் என்று ஓர் எண் அச்சிட்டிருந்தது. செத்தவருக்கு இது எதற்கு என்று சாவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதவைத் திறக்கிறவர்களுக்கும் இது உண்டு என்று இன்ஸ்பெக்டர் தணிவாகச் சொன்னார். அட்டை சட்டைப்பையில் போய், சட்டையோடு சேர்ந்து ஒரு முறை துவைபட்டது.

அதற்குப் பிறகுதான் டீச்சர் வர ஆரம்பித்தார்.

உருவமாக வரவில்லை. ஈரக்கால் தடமாக வந்தார். யார் வீட்டு வாசலிலாவது மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்துத் தரையில் ஐந்து விரலும் பதிந்த ஈரத்தடம் ஒன்று ஓரக்கண்ணில் படும். திரும்பினால் காய்ந்த தரை. பட்டப்பகலில், ஆட்கள் போய்வரும் வராந்தாவில் அப்படி. குளத்துத் தண்ணீரில் கலக்கும் மருந்தின் வாடை வீட்டுச் சமையலறையில் அடிக்கும். மனைவியை மோந்து பார்க்கச் சொன்னால் அவளுக்கு வெங்காய வாடைதான் வரும். எந்தப் பூட்டில் கம்பியை நுழைத்தாலும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும். "உள்ள யாரும் இல்லையே?" என்று இரண்டு முறை கேட்பார். நான்தான் வெளியே நிற்கிறேனே என்று வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாக்கு செய்துவந்த பாதி வேலை நின்றே போனது.

அந்த ஒன்பது நாளை அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். நாலு முறை அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். ஒரு முறை எதிர்க் கடையில் நின்று டீ கூடக் குடித்திருக்கிறார். டீச்சர் கொடுத்த சாவி இருபதடி தூரத்தில், வேனுக்குள்.

மனைவி ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றாள். அவரால் வீட்டிலும் உட்கார முடியவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவியின் தம்பி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது சண்டை போட்டாலும் அதையே சொல்லிச் சிரிக்க வைக்கிறவன். அவன் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இவனுக்குத் தூக்கம் போனது. ஒருவர் படத்தை இன்னொருவர் பெயரில் ஏற்றிவிட்டான். நல்லவேளையாக டாக்டர் கண்டுபிடித்தார். நீண்ட விடுப்பு எடுத்துக்கொள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டு ஓரத்து அறையில் வந்து படுத்தவன், ஏழு வாரம் திரைச்சீலையை விலக்கவில்லை. தட்டில் வைத்த சோறு வைத்தபடி திரும்பும். அக்கா கெஞ்சுவாள், திட்டுவாள், சமையலறையில் போய் அழுவாள்.

எட்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, அவன் குளித்து, சவரம் செய்து, மேஜைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். அறையைக் கூட்டிப் பெருக்கியிருந்தான். அக்காள் மகளைக் கூப்பிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டான். பரீட்சை எழுதுகிறவளுக்கு நேரம் தெரிய வேண்டும், எனக்கு இப்போது எதற்கு என்றான். மூச்சை இழுத்துப் பிடி என்று பழைய ஜோக்கைச் சொன்னான். வீடே சிரித்தது.

"தம்பி தெளிஞ்சுட்டான்," என்று மனைவி அடுப்படியில் வந்து கிசுகிசுத்தாள். கண்ணில் தண்ணீர்.

சாவி மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெருக்கிய அறையும் தெளிந்த முகமும் அவர் ஏற்கெனவே பார்த்தவை. குளத்து மருந்து வாடை மேஜையைச் சுற்றி அடித்தது. கீழே குனிந்து பார்த்தார். மச்சினன் நாற்காலிக்குப் பக்கத்தில், ஐந்து விரலும் பதிந்த ஈரத்தடம்.

மறுநாள் காலை வேலைக்கு என்று கிளம்பி, இரண்டு தெரு தள்ளி வேனை நிறுத்தினார். துவைபட்டுச் சுருங்கிய அட்டையில் எண் இன்னும் படிக்கும்படி இருந்தது. எடுத்தவர் ஒரு பெண். தொண்டை கட்டிய, நிதானமான குரல். தனக்கொன்றும் இல்லை, மச்சினனுக்காகத்தான் என்று முதலிலேயே வேலி போட்டுக்கொண்டு பேசினார். அந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் போய்க் கேட்டா, இல்லாத நெனப்பை நானே கொண்டுபோய் விட்ட மாதிரி ஆயிடாதா?"

"ஆகாதுங்க. கேக்கறதால அந்த நெனப்பு வராது. ஏற்கெனவே இருந்தா, இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும்," என்றார் அவர். "நேராவே கேளுங்க. சுத்தி வளைச்சுக் கேட்டா அவரும் சுத்தி வளைச்சுத்தான் சொல்வாரு."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். புத்தி சொல்ல வேண்டாம், வாதாட வேண்டாம், உனக்கென்ன குறை என்று கேட்க வேண்டாம். ஆமாம் என்று சொன்னால் தனியாக விட வேண்டாம். கைக்கெட்டும் இடத்தில் ஏதாவது வைத்திருந்தால் அதை அப்புறப்படுத்த வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். சாவி பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி வைக்கப் போனபோது அந்தம்மா கேட்டார்: "நீங்க எப்படி இருக்கீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பேச்சாக இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதார். அழுது முடிந்த பிறகு அந்தச் சாவியைப் பற்றி முதல் முறையாக ஒருவரிடம் சொன்னார். உங்கள் தப்பு இல்லை என்று அந்தம்மா உடனே சொல்லிவிடவில்லை. டீச்சர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். பிள்ளைகளைத் தண்ணீரில் எப்படி இறக்குவார் என்று கேட்டார். மகள் முதல் முறை குளத்தை நீந்திக் கடந்த நாளைச் சாவி விவரித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க மறைக்கணும்னு நெனச்சாங்க, நல்லாவே மறைச்சுட்டாங்க," என்றார் கடைசியில். "அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரியுது. அதனாலதான் கூப்பிட்டிருக்கீங்க."

சாவி வீட்டுக்குத் திரும்பினார். இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்க ஆள் வேண்டும், கூட வா என்று மச்சினனைக் கூப்பிட்டார். அவன் மறுக்கவில்லை. ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் கடைத்தெருவின் கோடியில் வேனை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். உச்சி வெயில். முன்னால் ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டே கீச் கீச்சென்று கத்தியது. கேட்க வேண்டிய வாக்கியத்தை வரும் வழியில் மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். செத்துப்போயிடலாம்னு நெனக்கிறியா?"

லாரி நின்றது. மச்சினன் அவரைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன மாமா, பூட்டெல்லாம் தீர்ந்துபோச்சா? என்னைத் திறக்கக் கிளம்பிட்டீங்க?"

நல்ல ஜோக்தான். பழைய சாவியாக இருந்தால் அதற்கு மேல் ஒன்று போட்டுச் சிரித்திருப்பார். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்த ஒரு சிரிப்பு அவர் காதில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஆமான்னு சொன்னாலும் நான் எந்திரிச்சு ஓட மாட்டேன். சொல்லு."

அவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துபோனது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது. தெரியாது என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தது. தலைவலி என்று தான் மட்டும் நின்றுவிடுவதாக இருந்ததாக அவன் சொன்னான். நாள் குறித்த பிறகு பாரம் இறங்கின மாதிரி இருந்ததாம். பசி எடுத்ததாம்.

"சாகணும்னு ஆசை இல்ல மாமா. காலையில கண்ணு முழிக்கிறதுதான் முடியல. தினம் நூறு பேரு நெஞ்சைப் படம் எடுத்திருக்கேன். என் நெஞ்சை எடுத்தாலும் சுத்தமாத்தான் இருக்கும். ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துடுவாங்க."

உனக்கென்னடா குறை, பிள்ளை இருக்கே, அக்கா இருக்காளே என்று வரிசையாகச் சாவியின் தொண்டைக்கு வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினார். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். அவன் பேசினான். ஒரு வாடிக்கையாளர் மூன்று முறை போன் செய்தார். வெளியில் நிற்கிறவர் நிற்கட்டும் என்று சாவி போனைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வேனிலிருந்தபடியே அந்த எண்ணைக் கூப்பிட்டுப் போனை அவன் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் அவன் சேர்த்து வைத்திருந்ததைத் தானே எடுத்துக் கொடுத்தான். அது என்ன என்பது நமக்கு வேண்டாம். அன்றே வீட்டை விட்டுப் போனது. தன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், அங்கே எல்லாருக்கும் தன்னைத் தெரியும் என்று அடம்பிடித்தான். நகரத்தின் மறுகோடியில் இன்னொன்றுக்குப் போனார்கள். காத்திருக்கும் கூடத்தில், அங்கே எக்ஸ்ரே அறைக் கதவு சரியாக மூடவில்லை, யாராவது சொல்லக் கூடாதா என்று அவன் புலம்பினான். சாவி எழுந்து போய்ப் பார்த்தார். கீல் தளர்ந்திருந்தது. திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இருவரும் டாக்டரின் அறைக்குள் போய்ப் பேசிய பிறகு, சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். மனம் ஒடிந்துபோவதும் நோய்தான், மருந்தும் பேச்சும் நேரமும் வேண்டும், மூன்றில் ஒன்றைக்கூட விடக் கூடாது என்றார். டாக்டர் பார்க்கச் சின்னப் பெண்ணாக இருந்தார். மச்சினன் சொன்னதில் ஒரு வார்த்தைக்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை என்பதைச் சாவி கவனித்திருந்தார்.

மனைவிக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். "என் தம்பி. பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டாள். அப்போதுதான் டீச்சர் கொடுத்த சாவியைப் பற்றி அவளிடம் சொன்னார். அவள் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் வெங்காய வாடை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்றாள். அவர் கையைப் பிடித்தபடி, மணி அடித்து வெளியே அனுப்பும் வரை உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி முடியவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் அவன் மருந்தை விட்டெறிந்தான். அக்கா எதிரிலேயே, "அன்னைக்கே விட்டிருந்தா நிம்மதியாப் போயிருப்பேன். கேக்கச் சொல்லி உங்களை யாரு அழுதா?" என்று சாவியைப் பார்த்துக் கத்தினான். அந்த வார்த்தை சதையில் ஏறிய இரும்புத்தூள் மாதிரி தங்கிவிட்டது. வேனுக்குப் போய் எண்ணைப் போட்டார். அன்று வேறு குரல், ஓர் ஆண். மச்சினன் கோபித்துக்கொண்டான் என்று குழந்தை மாதிரி முறையிட்டார். கோபித்துக்கொள்ள அவர் இருக்கிறாரே என்றது அந்தக் குரல். அந்தப் பேச்சில் அவருக்கு முழு சமாதானம் கிடைக்கவில்லை. ஆனாலும் மாடியேறிப் போகக் கால் வந்தது. மனைவி அதற்குள் மாத்திரைகளைத் தரையிலிருந்து பொறுக்கியிருந்தாள். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாவியும் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மாதங்கள் போயின. மருந்தை ஒரு முறை மாற்றினார்கள். மச்சினனின் பிள்ளை வாரம் இரண்டு முறை அவனோடு போனில் பேச ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அரை நாள் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். படத்தைப் பெயர் மாற்றி ஏற்றியவன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள் என்று அவனே சிரிக்காமல் சொன்னான். அக்கா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். அக்கா தடுத்துப் பார்த்தாள். போகத்தானே வேண்டும் என்று டாக்டரே சொன்னார்.

ஈரத்தடம் இன்னும் வருகிறது. சாவி இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க டீச்சர்," என்று வாய்க்குள் முணுமுணுக்கிறார். வீட்டுக்காரர்கள் கேட்டால், பூட்டோடு பேசுகிறேன் என்கிறார். சில நாள் வேலை முடிந்ததும் எழுந்திருக்காமல், முகம் சரியில்லாத வீட்டுக்காரரிடம், நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். பத்துப் பேரில் ஒன்பது பேர் நேரமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை.

தினம் காலை ஏழரைக்கு மச்சினனுக்குப் போன் செய்வார். வானிலையெல்லாம் பேச மாட்டார், நேராகக் கேட்பார். ஒரு நாள் அவன் எரிச்சலோடு எடுத்தான்.

"இப்படி ஆயுசு பூரா கேட்டுக்கிட்டே இருக்கப் போறீங்களா மாமா?"

"ஆமா."

"நான் எரிஞ்சு விழுந்தா?"

"விழு."

அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தமும் பாத்திரம் நகரும் சத்தமும் கேட்டன. சாவி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவன், "நேத்து நல்லா இல்ல. இன்னைக்குப் பரவால்ல," என்றான்.

மத்தியானம் வரட்டுமா என்று கேட்டார்.

"வாங்க. பாத்ரூம் பல்பு போயிடுச்சு. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க."